கொடியில் சேவல் வைத்திருப்பவனுக்கு

தண்ணீர்மலையானே,
கொடியில் சேவல் வைத்திருக்கிறாய்,
கொட்டகைக்குள் ஒருநாளும் வந்ததில்லை.
வால்டோர் பக்கம் வந்து பார்.
மூன்றாம் நம்பர் கொட்டகை, பதினெட்டாயிரம் உருப்படி.
முப்பது நாளில் உமி கறுத்து இறுகிவிடும்.
அதைக் கிளறிப் போடுவது என் வேலை.

கிளறினால் எழும்பும்:
இறகின் பொடி, தீவனப் பொடி,
காய்ந்த எச்சம், பூஞ்சணம்,
இன்னும் கண்ணுக்குப் பிடிபடாத எது எதுவோ.
காலை வெயில் வலைவழியே விழும்போது
தங்கம் மாதிரி மிதக்கும்.
அழகாகத்தான் இருக்கும், பொய் சொல்லவில்லை.
ராத்திரி பத்து மணிக்குமேல்தான்
நெஞ்சில் வந்து உட்கார்ந்து
பேச ஆரம்பிக்கும்.

அந்தப் பேச்சு நிற்கட்டும் என்றுதான்
உனக்குத் தாடி நேர்ந்தேன்.

போன மாதம்
தொழில் பாதுகாப்பு ஆபீசிலிருந்து
அஸ்லினா என்று ஒருத்தி வந்தாள்.
இடுப்பில் ஒரு பம்பு, காலரில் ஒரு சின்னக் கூடு,
உள்ளே வெள்ளைத் தாள், ஐம்பது காசு அகலம்.
எட்டு மணி நேரம்
என் மூக்குக்கு அருகிலேயே அது மூச்சிழுத்தது,
இருமாமல்.
சாயங்காலம் கழற்றிக் காட்டினாள்.
தாள் கோப்பி சிந்திய நிறம்.
எடை போட எடுத்துப் போகிறேன் என்றாள்.
பையில் மாற்றுத் தாள் இன்னும் ஐந்து வைத்திருந்தாள்.
நான் ஏனோ சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை முகமூடி கொண்டுவந்தாள்.
இரண்டு வார், மூக்கில் அழுத்த ஒரு கம்பி.
மாட்டிவிட்டு, தலைமேல் ஒரு கூடாரத்தைக் கவிழ்த்து
உள்ளே கசப்பைப் பீய்ச்சினாள்.
கசந்தால் கை தூக்கவேண்டும்.
மொமினுல் தூக்கவில்லை.
தில்குமார் தூக்கவில்லை.
நான் பீய்ச்சிய மறுகணமே தூக்கினேன்.
வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி
தாடிக்குள் புகுந்து வந்தது.
‘ஒரு மயிரிழை இடைவெளி போதும் பாங்,
உங்களுக்கு ஒரு காடே இருக்கிறது’ என்றாள்.

ஆக,
இருமல் போக நேர்ந்த தாடி
இருமலுக்குக் கதவைத் திறந்துவிட்டு நிற்கிறது.
இது யார் கணக்கு? நீயே சொல்.

உனக்கென்ன,
மீசைகூட அரும்பாத முகம்.
ஆறும் மழமழவென்று.
அந்த முகமூடி உனக்கு இம்மி பிசகாமல் பொருந்தும்.
ஆறு வாங்கித்தர தவுக்கே சம்மதிக்கவேண்டும்,
அதுதான் கஷ்டம்.
எங்களுக்கே வாரத்துக்கு ஒன்று என்றார் முதலில்.
தாளின் எடையைக் கடிதத்தில் பார்த்த பிறகு
தினம் ஒன்று.
கிளறுமுன் பூவாய்த் தண்ணீர் தெளிக்க ஒரு குழாய்.
பின்சுவரில் இரண்டு காற்றாடி, ஒன்று ஓடுகிறது.

சுகுணவதி சொன்னாள்,
சாமிக்குச் சொன்ன சொல், பூசத்துக்கு இருபத்திமூன்று நாள்தானே,
பல்லைக் கடித்துக்கொள் என்று.
பல்லைக் கடிக்கலாம்.
மூச்சைக் கடிக்க முடியுமா?
சிம்பாங் அம்பாட் சலூன் வாசல்வரை போய்
இரண்டு தடவை திரும்பி வந்தேன்.
நாளை கோழி பிடிக்கிற ராத்திரி.
பதினெட்டாயிரம் ஜோடிச் சிறகு
இருட்டில் அடித்துக்கொள்ளும்.

இன்று மத்தியானம் சிரைத்துவிட்டேன்.
கோபமென்றால் கோபித்துக்கொள்.
கன்னம் கூசுகிறது; யாரோ வேறொருவன் கன்னம்.
முகமூடியை அழுத்தி மாட்டி
உள்ளங்கையால் பொத்தி ஊதிப் பார்த்தேன்.
ஓரத்தில் எங்கும் காற்று கசியவில்லை.

முடியைக் கீழே போடவில்லை.
மல்லித்தூள் டப்பாவைக் கழுவிக் காயவைத்து
அதில் மூடி வைத்திருக்கிறேன்.
பூசத்தன்று
ஐந்நூறு படிக்குமேல் ஏறிக் கொண்டுவருவேன்,
எத்தனை இடத்தில் நின்று நின்று என்று தெரியாது.
அதில் கொஞ்சம் கொட்டகைத் தூசும் இருக்கும்,
எவ்வளவு தட்டியும் போகவில்லை.

திறக்கும்போது
கொஞ்சம் தள்ளி நின்றுகொள்.